கடைசிப் பெட்டிக்காரர்

ஒரு கதவு என்று இருந்தால், அதன் வழியாக எல்லோரும் போன பிறகுதான் அவர் போவார். ட்ராம் கதவு, கோயில் கதவு, கல்யாண மண்டபக் கதவு, எதுவானாலும் அப்படித்தான். சுவிஸின் பாசல் நகரில் நாங்கள் இருவரும் ஒரே ட்ராமில் வேலைக்குப் போன காலத்தில், நான் முன்கதவால் பாய்ந்து ஏறி ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், அவர் இன்னும் கீழே நின்றுகொண்டிருப்பார். தள்ளுவண்டியில் ஒரு குழந்தை ஏறும். கைத்தடியோடு ஒரு கிழவர் ஏறுவார். ஒரு நாய் ஏறும். நாய்க்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று அவர் இடமும் வலமும் பார்க்கிற நேரத்தில் கதவு மூடிவிடும்.

அவருக்கு அதில் ஒரு கவலையும் இருந்ததில்லை. ட்ராமைத் தலையிலிருந்து வால்வரை நிதானமாக ஒருமுறை பார்ப்பார். பிறகு வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்துவார். 'எல்லாம் சரி, போகலாம்' என்று அர்த்தம். சாரதி அவரிடம் அனுமதி எதுவும் கேட்கவில்லை என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். புலம்பெயர்ந்தோர் சஞ்சிகை ஒன்றில் எழுதுகிறேன். அதன் வாசகர் வட்டத்தை ஒரு நடுத்தரக் காருக்குள் அடக்கலாம், எல்லோரும் பெல்ட் போடச் சம்மதித்தால். அவரை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். பணிவு என்கிற பண்பு எப்படி அழிந்து வருகிறது, எங்கள் நடுவில் அது ஒருவரிடம் மட்டும் எப்படித் தப்பிப் பிழைத்திருக்கிறது என்றெல்லாம் உருகியிருந்தேன். அவர் அதை முழுவதும் படித்தார். சஞ்சிகையை மடித்துத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாயிருக்கு தம்பி. ஆனா நான் பணிவான ஆளில்லை. நான் கபூஸ்."

அது ஏதோ நோயின் பெயர் என்று நினைத்தேன். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறவர், அங்கிருந்து தொற்றியிருக்கலாம். எப்பொழுதிருந்து இருக்கிறது, மருந்து எடுக்கிறீர்களா என்று அக்கறையாக விசாரித்தேன். அவர் என்னைத் தன் வீட்டுக் கெல்லருக்கு, அதாவது நிலவறைக்கு, கூட்டிக்கொண்டு போனார்.

சுவிஸில் வீடு எடுத்தவர்களுக்குத் தெரியும். பழைய மாடிக் கட்டடங்களின் அடியில் ஒரு பங்கர் இருக்கும். யுத்தம் வந்தால் ஒளிவதற்கு. யுத்தம் வராத நாட்களில் பனிச்சறுக்குக் கட்டைகளும் வைன் போத்தல்களும் உடைந்த தொட்டிலும் அங்கே ஒளிந்திருக்கும். ஒரு ஆள் தனியே அசைக்க முடியாத கொங்கிறீற்றுக் கதவை அவர் தோளால் தள்ளித் திறந்தார். உள்ளே ஒரு பாலைவனம் இருந்தது.

மடக்கு மேசைகளின் மேல், சுவரிலிருந்து சுவர்வரை, அமெரிக்கப் பாலைவனம். செம்மண் குன்றுகள். பல்குத்தும் குச்சிகளால் கட்டிய மரப்பாலம். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் கொடுக்கிற பெரிய மரத்தொட்டி. தந்திக் கம்பங்கள். அவற்றுக்கு நடுவில், தேநீர்க் கோப்பை உயரத்தில், முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது ஒரு சரக்கு ரயில். அதன் வாலில் ஒரு சிவப்புப் பெட்டி.

"இதுதான் கபூஸ்," என்றார்.

பழைய அமெரிக்கச் சரக்கு ரயில்கள் ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு கடைசிப் பெட்டி இருந்ததாம். உள்ளே அடுப்பு, படுக்கை, மேசை. கூரையில் ஒரு சின்ன மாடம். அந்த மாடத்தில் ஒருவர் உட்கார்ந்து, தனக்கு முன்னால் போகும் பெட்டிகள் அத்தனையையும் பார்த்துக்கொண்டே வருவார். எஞ்சின்காரருக்குத் தனக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும். பின்னால் ஒரு பெட்டி கழன்றதா, தீப்பிடித்ததா என்பதெல்லாம் கடைசிப் பெட்டிக்காரரின் கவலை. அந்தக் காலத்துச் சக்கர அச்சுகளின் நுனியில் எண்ணெயில் நனைத்த பஞ்சை அடைத்து வைத்திருப்பார்கள். எண்ணெய் காய்ந்தால் அச்சு சூடாகிப் புகையும். கவனிக்காமல் விட்டால் அச்சு முறிந்து ரயில் கவிழும். அதனால், ஒரு ரயில் போகும்போது நிலத்தில் நிற்கிற ரயில்வேக்காரர் எவராயிருந்தாலும் அதைத் தலையிலிருந்து வால்வரை பார்க்க வேண்டும். எங்காவது புகைந்தால் தன் மூக்கைப் பிடித்துக் காட்ட வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் கையை உயர்த்த வேண்டும். கடைசிப் பெட்டிக்காரர் அந்தக் கைக்காகத்தான் வெளியே வந்து நிற்பார்.

"ஒருத்தர் பாக்கிறது காணாது தம்பி. போறவனை நிக்கிறவன் பாக்கவேணும், நிக்கிறவனைப் போறவன் பாக்கவேணும்."

நான் பதிலுக்கு, சுவிஸில் இருந்துகொண்டு அமெரிக்க ரயிலைக் கொண்டாடுவது இட்டலிக் கடையில் பாண் கேட்பது போல இல்லையா என்றேன். இந்த நாட்டு ரயிலில் என்ன குறை? நிமிடம் பிசகாமல் வருகிறது, துடைத்து வைத்த தட்டம் போல மினுங்குகிறது.

"வடிவுதான். ஆனா இஞ்சத்தைக் கோச்சிக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே முகம். வால் இல்லை," என்றார்.

இந்தப் பித்து அவருக்கு ஊர்க் கோச்சியிலிருந்து வந்தது என்று பலரும் அனுதாபத்தோடு நம்பினார்கள். நானும் அதை ஒரு கட்டுரையில் கண்ணீரோடு எழுதத் தயாராக இருந்தேன். அவர் ஊர்க் கோச்சியில் ஏறியதே இல்லை. ஏறுகிற வயது வந்தபோது சண்டை தொடங்கி, கோச்சி நின்றுவிட்டது. "அங்க தண்டவாளத்தைப் பிடுங்கிப் பங்கர் கட்டினாங்கள். இஞ்ச நான் பங்கருக்க தண்டவாளம் போடுறன்," என்று சொல்லிவிட்டு, மரத்தொட்டியில் படிந்த தூசியை ஊதினார். வசனம் எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்கு இப்படி ஒன்று வாய்த்திருந்தால் அதை வைத்தே ஒரு வருடம் ஓட்டியிருப்பேன்.

பித்து தொடங்கியது இந்த நாட்டில்தான். வந்த புதிதில் அவரை ஒரு அகதி காம்பில் விட்டார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. சுவரைப் பார்க்க அனுமதி இருந்தது. அவருடைய கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், முன்பு அங்கே இருந்த யாரோ விட்டுப்போன பழைய நாட்காட்டி ஒன்று. தேதிகள் எப்போதோ காலாவதியாகியிருந்தன. படம் மட்டும் செல்லுபடியானது: வெயிலில் வளைந்து போகும் நீளமான அமெரிக்கச் சரக்கு ரயில், வாலில் சிவப்புப் பெட்டி, அதன் பின் படியில் ஒரு மனிதர் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். யாருக்குக் கை காட்டுகிறார் என்பது படத்தில் இல்லை. விசாரணைக்குக் கூப்பிடும்வரை அவர் அதை யோசித்துக்கொண்டே படுத்திருந்தாராம். மற்றவர்கள் அந்த நேரத்தில் ஜெர்மன் படித்தார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த நேரத்தில் சீட்டு விளையாடித் தோற்றார். அடக்கம் கருதி அவர் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அவர் பிற்காலத்தில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதினார்.

அதன் பிறகு அவர் பூமியில் நடமாடும் எல்லாவற்றையும் ஒரு ரயிலாகவே பார்த்தார் என்று சொன்னால் மிகையில்லை. நாலு கார்களில் லுசேர்ணுக்குக் கல்யாணத்துக்குப் போனால் அவருடையது நாலாவது கார். மண்டபத்தில் கடைசிப் பந்தி அவருக்கு. எல்லோரும் போனபின் கழிப்பறை உட்பட ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்ப்பார். அப்படித்தான் ஒருமுறை நாதஸ்வரம் ஒன்றையும், இன்னொருமுறை மாப்பிள்ளையின் பெரியப்பாவையும் மீட்டெடுத்தார். இரண்டும் உறைக்குள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன என்பது அவருடைய அறிக்கை. பெரியப்பாவின் உறை ஒரு குளிர் கோட்டு.

யாராவது கோபத்தில் கத்தினால், "அவருக்கு அச்சு சூடாகீட்டுது. ஓரமா நிப்பாட்டி ஆறவிடுங்கோ" என்பார். என்னிடம் அதை அடிக்கடி சொல்லியிருக்கிறார். நான் அப்பொழுதெல்லாம் நியாயத்துக்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அவர் வீட்டு விருந்து முடிந்து புறப்படுவது தனிச் சோதனை. பழைய ரயில்களுக்கு நிலையத்தில் நிற்காமலே செய்தி கொடுப்பார்களாம். நிலையக்காரர் ஒரு வளையத்தில் தாளைக் கட்டி நீட்ட, ஓடுகிற ரயிலில் இருந்து கையை விட்டு வளையத்தைக் கோத்து எடுத்துக்கொள்வார்கள். அவர் கோட்டு மாட்டும் கம்பியை வளைத்து வளையம் செய்து, அதில் வடைப் பார்சலையும் சாம்பார்ப் பையையும் கட்டி, வாகனத் தரிப்பிடத்தின் வாசலில் நின்று நீட்டுவார். நான் காரை நிறுத்தக் கூடாது. மெதுவாக உருட்டிக்கொண்டே கண்ணாடிக்கு வெளியே முழங்கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். மூன்றாம் மாடியில் இருந்து சுவிஸ்காரர்கள் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பார்கள். ஒருநாள் நான் வளையத்தைத் தவறவிட்டு, சாம்பார்ப் பையை முகத்தில் வாங்கினேன். பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தபோது அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். காரின் பின் சில்லில் காற்று இறங்கியிருந்தது. அதைச் சொல்கிறார் என்று அடுத்த சந்தியில்தான் விளங்கியது.

இவையெல்லாம் சிரிக்கத் தக்கவை. அவருடைய மகளின் கல்யாணப் பதிவு அப்படியில்லை.

பதிவு அலுவலகத்தில் அவர் வாசலில் நின்று வந்தவர்கள் எல்லோரையும் உள்ளே அனுப்பினார். பிந்தி வந்த என்னையும்தான். இன்னும் ஒரு குடும்பம் வரவேண்டும் என்று வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். குறித்த நேரத்துக்குக் கதவு மூடப்பட்டது. இந்த நாட்டில் நேரம் கல்யாண வீட்டாருக்காகவும் நிற்பதில்லை. மகள் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்து அப்பாவைத் தேடினாள். அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தலையிலிருந்து வால்வரை எங்களைப் பார்த்து, கையை உயர்த்திக்கொண்டு நின்றார். மகள் சிரித்தாள். அவருடைய மனைவி, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், சிரிக்கவில்லை.

அந்த மகள் மருந்துக் கொம்பனி வேலையில் சிக்காகோப் பக்கம் போய், அங்கே கருவுற்றாள். பிள்ளைப்பேற்றுக்குப் போக அக்கா ஆயத்தமானார். அக்காவிடம் சுவிஸ் சிவப்புப் பாஸ்போட் இருந்தது. மகளிடம் இருந்தது. என்னிடமே இருந்தது. எங்கள் எல்லோருக்கும் விண்ணப்பம் நிரப்பவும், கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போகவும், வெளியே காத்திருக்கவும் வந்தவர் அவர். தனக்கு மட்டும் எடுக்கவில்லை. கேட்டால், எல்லாரும் ஏறட்டும் என்பார். அவரிடம் இருந்த அகதிப் பயணப் பத்திரத்துக்கு அமெரிக்க விசா இரண்டுதரம் கேட்டும் கிடைக்கவில்லை.

அக்கா சமையலறையில் வெங்காயம் வெட்டியபடி என்னிடம்தான் சொன்னார். ஆனால் முன்னறையில் இருந்தவருக்குக் கேட்கிற மாதிரி:

"பிள்ளையின்ர கலியாணத்துக்குக் கதவுக்கு வெளியில நிண்ட மனுசன். பேரப்பிள்ளைக்குக் கடலுக்கு இந்தப்பக்கம் நிக்கப்போறாரோ? கேளும் தம்பி, உம்மட சிநேகிதரைத்தானே."

அடுத்த நாள் காலை அவர் குடியுரிமைக்கு எழுதிப்போட்டார். அலுவல் ஆமை வேகத்தில் நடக்க, அக்காவும் முன்னால் போய்விட்டார். பிள்ளை பிறக்கும் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தபோதுதான், பாசலுக்கு வெளியே அவர் குடியிருந்த சிறு ஊராட்சியின் குழு, வீட்டுக்கே வந்து பேசிப் பார்க்கும் என்று தகவல் வந்தது. அவர்கள் தலையசைத்தால் பாஸ்போட். பாஸ்போட் வந்தால் சிக்காகோ. இல்லையென்றால் பேரப்பிள்ளையைக் கைபேசியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த இடத்தில் உதவிக்கு வந்தவன் நான்.

குடியுரிமை நேர்காணல்களில் நான் ஒரு நிபுணன் என்று எனக்கு ஒரு எண்ணம். என்னுடைய நேர்காணலுக்கு ஆல்ப்ஸ் மலைகளின் உயரம் முழுவதையும் பாடமாக்கிக்கொண்டு போனேன். பழைய பேப்பரை எந்தக் கிழமை வெளியே வைப்பாய் என்று கேட்டார்கள். மலைகளின் உயரத்தைச் சொன்னேன். ஏதோ இரக்கத்தில் தந்தார்கள். அந்த அனுபவத்தில் நின்றுகொண்டு அவருக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னேன்: வந்தவர்கள் கெல்லரையும் பார்க்கக் கேட்பார்கள். வீட்டுக்கு அடியில் ஒருவன் இரகசியமாக அமெரிக்காவை வைத்திருந்தால் என்ன நினைப்பார்கள்? அங்கே ஆசையென்றால் இங்கே ஏன் பாஸ்போட் என்று கேட்க மாட்டார்களா? ஆகவே அமெரிக்க ரயிலைப் பெட்டிக்குள் வையுங்கள். நான் ஒரு சுவிஸ் ரயில் இரவல் வாங்கி வருகிறேன்.

"பொய்யெல்லோ தம்பி," என்றார்.

"அண்ணை, இது பொய்யில்லை. இதுக்குப் பேர் இணைஞ்சு வாழுறது," என்றேன்.

அவர் யோசித்தார். மகளை யோசித்திருப்பார். பிறகு தலையாட்டினார். சரக்குப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி வைத்தார். நான் கொண்டுபோன சிவப்பும் வெள்ளையுமான சுவிஸ் ரயிலைத் தண்டவாளத்தில் ஏற்றினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

குழுவில் மூவர் வந்தார்கள். தலைவி, வெள்ளைக் குட்டைமுடி வைத்த முதிய பெண். அவரோடு ஒரு விவசாயியும் ஒரு இளம் ஆசிரியரும். குடும்ப நண்பன் என்ற பெயரில் நானும் இருந்தேன். மேலே வீட்டுக்குள் எல்லாம் நன்றாகவே நடந்தது. அவருடைய ஜெர்மன், வேலை செய்த சமையலறையில் கற்றது. கிழங்கு உரிப்பது பற்றியும் முதியவர்களுக்கு உப்புக் குறைப்பது பற்றியும் விவசாயியோடு உள்ளூர் மொழியிலேயே கதைத்தார். பழைய பேப்பரின் கிழமை அவருக்குத் தெரிந்திருந்தது. பொழுதுபோக்கு என்ன என்று ஆசிரியர் கேட்டார். ரயில் என்றார். மூவர் முகமும் மலர்ந்தது. பார்க்கலாமா என்றார்கள். நான் முன்னால் போய்க் கொங்கிறீற்றுக் கதவைத் தள்ளினேன். அது அசையவில்லை. அவர் வந்து தள்ளினார்.

சுவிஸ் ரயில் ஓடத் தொடங்கியது. கள்ளிச்செடிகளுக்கு நடுவில்.

ரயிலை மாற்றிய நான் நாட்டை மாற்ற மறந்துவிட்டிருந்தேன். செம்மண் குன்றுகள், மரத்தொட்டி, வெயிலில் காய்ந்த மாட்டு மண்டையோடு ஒன்று, அவற்றின் நடுவே நிமிடம் பிசகாத சுவிஸ் விரைவு ரயில்.

"இது எந்த இடம்?" என்று தலைவி கேட்டார்.

வாய் திறக்காமல் இருப்பது எப்படி என்று நான் இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை. சுவிஸின் வாலிஸ் பள்ளத்தாக்கு வறண்டது, அங்கே கள்ளிகூட முளைக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். "வாலிஸ்," என்றேன்.

"நான் வாலிஸில் பிறந்தவள்," என்றார் தலைவி.

அந்த நேரத்தில் ரயில் மரப்பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் திரும்பியது. அதன் வாலில், வெள்ளைச் சுவிஸ் பெட்டிக்குப் பின்னால், நூலால் கட்டி, ஒரு சிவப்புக் கபூஸ் குலுங்கிக்கொண்டு வந்தது. நான் போன பிறகு அவர் கொழுவியிருக்கிறார். வாலில்லாமல் ஒரு ரயிலை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

தலைவி குனிந்து அதைப் பார்த்தார். "இது எங்களுடையது இல்லையே?"

"இல்லை," என்றார் அவர். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். இது வாலிஸ் இல்லை. ரயில் இரவல். காம்பில் பார்த்த நாட்காட்டி. மாடத்தில் இருக்கிறவருடைய வேலை. அவருடைய சமையலறை ஜெர்மனில் அச்சு என்கிற சொல் இல்லை. அதற்குப் பதிலாக அடுப்பில் தீய்கிற சட்டியைச் சொல்லி விளக்கினார், மூவரும் புரிந்துகொண்டார்கள். நான் மாட்டு மண்டையோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்களுக்குள் ஒரு ஒற்றுமை இருந்தது.

"உங்கள் மனைவி, மகள் எல்லோரும் எப்போதோ குடியுரிமை எடுத்துவிட்டார்கள். நீங்கள் ஏன் இவ்வளவு பிந்தி?" என்று தலைவி கேட்டார்.

அவர் ரயிலை நிறுத்தினார். தமிழில் சொல்வதென்றால் இப்படிச் சொன்னார்:

"ஊரைவிட்டு வெளிக்கிடேக்க நான் முன்னுக்குப் போனனான். என்ர தம்பி பின்னால வந்தவன். திரும்பிப் பாத்தா ஆள் இல்லை. அண்டைக்குப் பிறகு நான் முன்னுக்குப் போறேல்லை."

அவர் என்னை ஒவ்வொரு வாக்கியத்திலும் தம்பி என்று கூப்பிட்டு வந்தவர். அதுவரை அதை நான் ஒரு மரியாதைச் சொல் என்றே நினைத்திருந்தேன்.

தலைவி விண்ணப்பக் கோப்பை மூடிவிட்டு, அந்தச் சிவப்புப் பெட்டியை அதன் சொந்த ரயிலோடு ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டார். துணிகளைப் பிரித்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொழுவினோம். விவசாயி மரத்தொட்டிக்கு அருகில் நின்றுகொண்டு, ரயில் தன்னைக் கடந்தபோது தயக்கத்தோடு கையை உயர்த்தினார்.

மிச்ச அலுவல்கள் முடிந்து பாஸ்போட் சரியான நேரத்துக்கு வந்தது. அவர் போய்ச் சேர்ந்தார். பேத்தி பிறந்தபோது வழக்கம்போல அறைக்கு வெளியே நின்று மற்றவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாராம். தாதி ஒருத்தி கையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டாளாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்று நின்றவர் அங்கேயே தங்கிவிட்டார். அதன் பிறகு நான் அவரைக் காணவில்லை. பங்கருக்குள் இருக்கிற பாலைவனத்தை இப்போது அந்தக் கட்டடத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்வார்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிறார்.

அமெரிக்காவில் இருந்து ஒருமுறை குரல் செய்தி அனுப்பினார். மகளின் வீட்டுக்குக் கிட்ட சோள வயலும் அதற்குள் ஒரு சரக்குப் பாதையும் இருக்கிறதாம். "கோச்சி நல்ல நீளம் தம்பி. ஆனா வாலில கபூஸ் இல்லை. எப்பவோ கழட்டிப்போட்டாங்களாம். ஒரு சின்ன லைட் மட்டும் மினுங்கிக்கொண்டு போகுது. நான் அதுக்கும் கை காட்டினனான்."

அவரை நான் கடைசியாகப் பார்த்தது பாசல் நிலையத்தில், அவர் விமான நிலையத்துக்குப் புறப்பட்ட மத்தியானம். எங்களுக்குள் முதல்தடவையாக அவர் போகிறவர், நான் நிற்கிறவன். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று அவருக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன். அவர் தேநீர் வாங்கப் போன இடைவெளியில், புகைப்பதற்கென்று மேடையில் கோடு போட்ட கட்டத்துக்குள் நின்று ஒன்றைப் பற்றவைத்தேன். நாலு இழுப்புக்குள் அவர் வந்துவிட்டார். குப்பைத் தொட்டி தூரத்தில் இருந்தது. கட்டையைக் கீழே போடலாம்தான். ஆனால் இத்தனை வருடம் இந்த நாட்டில் வாழ்ந்த ஒரு தமிழனுக்கு, நிலையத்தில் குப்பை போடுவதைவிடத் தன் உடம்பில் தீ வைத்துக்கொள்வது சுலபம். அவசரமாக நசித்துக் கோட்டுப் பைக்குள் போட்டேன்.

ரயில் வந்தது. அவர் கடைசிப் பெட்டிக்கு நடந்தார். எல்லோரையும் ஏறவிட்டார். அந்த ஒருநாள் மட்டும் கதவு மூட முன்னம் தானும் ஏறினார். கண்ணாடிக்குப் பின்னால் திரும்பி நின்று, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ரயில் மெதுவாக அசைந்தது. திடீரென்று அவர் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

அழுகிறார் என்று நினைத்தேன். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் மூக்கைவிடாமல் மற்றக் கையால் என்னைச் சுட்டிச் சுட்டிக் காட்டினார். ஓம் அண்ணை, எனக்கும்தான் அண்ணை என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, நேரம் சொல்கிற தொனியில், "மன்னிக்கவும், நீங்கள் எரிகிறீர்கள்," என்றார்.

குனிந்து பார்த்தேன். கோட்டுப் பையில் இருந்து புகை வந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் அடித்து, கோட்டைக் கழற்றி, மிதித்து, அந்தப் பெண்மணி கொடுத்த தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு நிமிர்ந்தபோது ரயில் மேடையின் நுனியைக் கடந்துகொண்டிருந்தது. அவர் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஆனாலும் கண்ணாடியைவிட்டு நகரவில்லை. எதற்கோ காத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் மேடையின் விளிம்புக்கு ஓடினேன். பெட்டிக் கதவுகளைப் பார்த்தேன். சக்கரங்களைப் பார்த்தேன். ஒன்றும் தொங்கவில்லை, ஒன்றும் புகையவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே, எட்டுமட்டும் உயர்த்தினேன்.

ரயில் வளைவில் திரும்புகிறபோது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை உயர்ந்த மாதிரித்தான் இருந்தது. கண்ணுக்குள் புகை போயிருந்ததால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.